எழுதியாச்சு என்று சொல்லும் வன்தட்டு

விண்டோஸ் 98 ஓடிய பொட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நீலத்திரை மறந்திருக்காது. கணினியை ஒழுங்காகத்தான் நிறுத்தியிருப்பார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் "முறையாக நிறுத்தப்படவில்லை" என்று ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பித்துவிடும். திட்டு என்னவோ கடைசியாகக் கணினியைத் தொட்டவருக்குத்தான்!

பல இடங்களில் தப்பு அவர்மேல் இல்லை. வன்தட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு நினைவகம் இருக்கிறது. அதைக் கேஷ் என்பார்கள் (கல்லாப்பெட்டிக் கேஷ் அல்ல). இயங்குதளம் கொடுக்கும் தகவலை வன்தட்டு முதலில் அதில் போட்டுக்கொண்டு, உடனே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். சுழலும் தட்டில் நிஜமாக எழுதுவது அப்புறம்தான். கல்யாண வீட்டில் மொய்க் கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "எழுதிட்டேன், நீங்க சாப்பிடப் போங்க" என்று அனுப்பிவைப்பாரே ஒரு சித்தப்பா, அதே கதை.

செயலி வேகமாகவும் கேஷ் பெரிதாகவும் இருந்த கணினிகளில், வன்தட்டு பையைக் காலி செய்வதற்குள் விண்டோஸ் மின்சாரத்தையே நிறுத்திவிட்டது. மைக்ரோசாப்ட் இதற்கு ஒரு இணைப்புநிரல் வெளியிட்டது. அது செய்த வேலை, கணினியை நிறுத்துவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது. அவ்வளவேதான்! சிரிப்பு வரலாம், ஆனால் வேலை நடந்தது.

முறையான வழி வேறு. ஏடிஏ வன்தட்டுகளுக்கு "ஃப்ளஷ் கேஷ்" என்றே ஒரு கட்டளை உண்டு. அதன் எண் ஈ7. பையில் இருப்பதையெல்லாம் நோட்டில் எழுதி முடித்தபிறகு பதில் சொல் என்பதுதான் அதன் பொருள். அதைச் சரியான நேரத்தில் அனுப்புவதும், பதில் வரும்வரை காத்திருப்பதும் இயங்குதளத்தின் பொறுப்பு.

இந்த வகை வழுவில் கெட்ட குணம் ஒன்று இருக்கிறது. சோதித்தால் மாட்டாது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தால் வன்தட்டு கேஷிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், எல்லாம் சரியாகவே தெரியும். உண்மை தெரியவேண்டுமென்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்கவேண்டும்.

2008 மே மாதம் கிறிஸ் மேசன் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார். லினக்ஸில் அப்போது பெரும்பாலோர் பயன்படுத்தியது எக்ஸ்ட்3 கோப்பு முறைமை. அது எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதி, கடைசியில் "முடிந்தது" என்று ஒரு வரி போடும். வன்தட்டோ தன் வசதிக்கு வரிசையை மாற்றி எழுதக்கூடியது. மேலே வரிகள் காலியாக இருக்க, கீழே "முடிந்தது" மட்டும் தட்டில் ஏறியிருந்தால்? மின்சாரம் திரும்பியதும் அந்த வெற்று வரிகளை நம்பித்தான் கோப்பு முறைமை தன்னைச் சரிசெய்துகொள்ளும்! மேசன் வேண்டுமென்றே கடுமையாக எழுதிய சோதனையில், பாதிக்குப் பாதி முறை கோப்பு முறைமை சிதைந்துபோனது.

இதற்குத் தடுப்பு ஏற்கெனவே நிரலில் இருந்தது. பேரியர் என்று பெயர். "முடிந்தது" வரிக்கு முன்னும் பின்னும் கேஷைக் காலி செய்யச் சொல்லும். ஆனால் எக்ஸ்ட்3-இல் அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. காரணம் வேகம். முன்பு முயன்றபோது பல வேலைகள் 30 சதவீதம்வரை மெதுவானதால் கைவிட்டதாக ஆண்ட்ரூ மார்ட்டன் சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். மின்சாரம் எப்போதோ ஒருமுறை போகிறது, மெதுவாக ஓடுவதோ தினமும் கண்ணில் படுகிறது. (நம் ஊர் மின்வெட்டைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பாரோ என்னவோ!)

பேரியரைப் போட்டாலும் கதை முடியவில்லை. கோப்பு முறைமைக்கும் வன்தட்டின் டிரைவருக்கும் நடுவே எல்விஎம் போன்ற அடுக்குகள் இருந்தால், கட்டளை கீழே போய்ச் சேரவேயில்லை. அதிகாரி அனுப்பிய அவசர ஃபைல் நடுவில் ஒரு மேஜையிலேயே தூங்கியதுபோல. இதை ஒவ்வொரு அடுக்காகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2.6.37 கெர்னலில் பழைய பேரியர் முறையையே தூக்கிவிட்டார்கள். அது கேஷைக் காலி செய்வதோடு நிற்காமல், வரிசையில் நின்ற மற்ற வேலைகளையும் நிறுத்திவைத்தது. "கேஷைக் காலி செய்", "இந்த ஒன்றை மட்டும் நேராகத் தட்டில் எழுது" என்ற இரண்டு நேரடியான கோரிக்கைகள் அதன் இடத்துக்கு வந்தன.

எக்ஸ்ட்3-இல் பேரியர் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2011-இல், 3.1 கெர்னலில். எக்ஸ்எஃப்எஸ், பேரியரை அணைக்கும் விருப்பத்தையே 2018-இல் 4.19 கெர்னலோடு நீக்கிவிட்டது. எக்ஸ்ட்4-இல் அந்த விருப்பம் இன்னும் இருக்கிறது. வேகம் போதவில்லை என்று யாராவது கேட்டால், "நோபேரியர் போட்டுப் பாருங்க" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுவார். போட்டால் வேகமாகத்தான் ஓடும், கரண்ட் இருக்கிறவரைக்கும்.