பிள்ளை ஏன் வரவில்லை?

ஒரு பாடசாலை முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால் எம்மவர்கள் உடனே பெறுபேற்றைத்தான் சொல்வார்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர், சாதாரண தரத்தில் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குத் தருவார்கள். புதிய மாடிக் கட்டடத்தையும் காட்டுவார்கள். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் இந்தக் கணக்குகள் எதிலும் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. இன்று வகுப்புக்கு வராத பிள்ளையை அந்தப் பாடசாலை தேடுகிறதா? ஒரு சமூகப் பணியாளராக நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் உள்ளன. திருக்கேதீஸ்வரத்தில் இருந்துகொண்டு சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகச் செல்வது என் வேலை. ஒரு பக்கம் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய வயல்கள், மறுபக்கம் மீன்பிடிக் கரையோரம். இந்துக்களும் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மண் இது. இங்கே இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது.

எனது குடும்பம் அடம்பன் பக்கத்தைச் சேர்ந்தது. 2008இல் புறப்பட்ட நாங்கள் வன்னியெங்கும் அலைந்து இறுதியில் மெனிக் பாம் முகாமை அடைந்தோம். 2009 ஓகஸ்ட்டில் அந்த முகாமில் இருந்துதான் நான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். கொட்டிலின் கீழ்தான் வகுப்பு. மேசை இல்லை, நூலகம் இல்லை. கற்பித்த ஆசிரியர்களும் எங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்தவர்கள். ஆயினும் ஒருவர் வராவிட்டால் மாலையில் அந்த ஆசிரியர்களில் யாராவது கூடாரம் கூடாரமாக விசாரித்து வருவார்கள். பாடசாலைப் பண்பாடு என்பது கட்டடத்தோடு கட்டப்படும் ஒன்றல்ல என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

போருக்குப் பின்னர் எமது பாடசாலைகள் எவ்வளவோ மாறியுள்ளன. எரிந்து கிடந்தவை எழுந்திருக்கின்றன. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, 1980இலிருந்து இலவசப் பாடநூல், 1993இலிருந்து இலவசச் சீருடைத்துணி ஆகியவை எமது பிள்ளைகளுக்கும் வந்து சேர்கின்றன. தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளுக்குக் காலணி வவுச்சரும், 2024இல் மாணவிகளுக்கு அணையாடை வாங்கும் வவுச்சரும் வழங்கப்பட்டன. மாதத்தில் மூன்று நாள் வீட்டில் நின்ற ஒரு மகளுக்கு அந்தச் சிறு தாள் எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தாய்மார் நன்கு அறிவார்கள்.

சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆனது. வராத பிள்ளைகளைக் கண்டறிந்து மீண்டும் சேர்ப்பதற்கு வரவுக் குழுக்கள் உள்ளன. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் ஏன் இடைவிலகுகிறார்கள்? என் அனுபவத்தில் ஒரு பிள்ளை ஒரே நாளில் பாடசாலையை விட்டுவிடுவதில்லை. முதலில் பிந்தி வரும். பிறகு கிழமையில் இரண்டு நாள் வராது. பிறகு கொப்பி முடிந்துவிட்டது என்று நிற்கும். அதன் பிறகே முற்றாக நிற்கும். இத்தனை படிகளிலும் இடாப்பில் அடையாளம் விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து யாராவது கேட்டார்களா என்பதில்தான் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

தரம் 9இல் படித்த ஒரு பையனைச் சொல்கிறேன். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அம்மம்மாதான் அவனையும் தங்கையையும் பார்த்தார். விடியப்புறம் மீன் வாடியில் வேலை செய்துவிட்டு அவன் பாடசாலைக்கு ஓடுவான். ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்கு எட்டேகாலுக்குத்தான் வந்து சேர முடிந்தது. பிந்தி வருபவர்களை வெயிலில் முழங்காலில் நிறுத்துவது அங்கு அன்றைய வழக்கம். தங்கையின் வகுப்புத் தோழிகள் பார்த்துச் சிரித்த நாளோடு அவன் நின்றுவிட்டான்.

அந்த வேளையில் அங்கு புதிய அதிபர் ஒருவர் வந்தார். பிந்தி வரும் பிள்ளை நேரே வகுப்புக்குப் போகட்டும், காரணத்தை இடைவேளையில் ஓர் ஆசிரியை தனியாகக் கேட்கட்டும் என்று அவர் வழக்கத்தை மாற்றினார். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் பெயர் அன்றே தன் மேசைக்கு வரவேண்டும் என்றார். இதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை. வகுப்பாசிரியை, கிராம அலுவலர், சிறுவர் உரிமைகள் உத்தியோகத்தர், நான் என நால்வராக அந்த வீட்டுக்குப் போனோம்.

அம்மம்மா பாய் விரித்து எங்களை இருத்திவிட்டு, "இவன் வரேல்லையெண்டு ஆரும் தேடி வருவினம் எண்டு நான் நினைக்கேல்லை, பிள்ளை" என்றார்.

வாடி முதலாளிக்குச் சட்டம் விளக்கப்பட்டது. அந்த வீட்டுக்கு உலர் உணவு கிடைக்க ஒழுங்கு செய்தோம். பையன் திரும்பி வந்தான். சாதாரண தரம் எழுதினான். எல்லாப் பாடமும் சித்தியில்லை. ஆனால் இன்று வாகனம் திருத்தும் பயிற்சி பெறுகிறான், தங்கையின் படிப்பை அவனே விசாரிக்கிறான். எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் இது ஒரு வெற்றியாகப் பதியப்படவில்லை.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. வேறோர் ஊரில் தரம் 10 மாணவி ஒருத்தி, தாய் கூலி வேலைக்குப் போவதால் கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றாள். பெயர் எங்களிடம் வந்தபோது நான்கு மாதம் கடந்துவிட்டது. "இனிப் போக வெக்கமாக்கிடக்கு மிஸ்" என்றாள். எவ்வளவோ பேசியும் அவள் போகவில்லை. இன்று ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். முதல் இரண்டு கிழமைக்குள் ஓர் ஆசிரியை வாசலுக்கு வந்திருந்தால் அவளுக்கு அந்த வெட்கம் வந்திராது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது பியர் பூர்தியு என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்தைப் படித்தோம். பாடசாலை எல்லாருக்கும் பொது என்று சொல்லப்பட்டாலும், புத்தகப் பழக்கத்தையும் பேச்சு நடையையும் வீட்டிலிருந்தே கொண்டுவரும் பிள்ளைக்குத்தான் அது வசதியாக அமைகிறது என்றார் அவர். அந்த வீட்டுச் சொத்துக்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் வைத்தார். எமது ஊர்களில் அந்த மூலதனம் இல்லாத பிள்ளைகளே அதிகம். அவர்களைக் கையில் பிடித்து உள்ளே அழைக்காவிட்டால் திறந்திருக்கும் வாசலும் அவர்களுக்குப் பூட்டிய வாசல்தான்.

பிரம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உடல்ரீதியான தண்டனையைத் தவிர்க்கும்படி கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 5 இலட்சம் ரூபாவும் அரசு ஒன்றரை இலட்சம் ரூபாவும் இழப்பீடு செலுத்த வேண்டும் எனவும் கட்டளையிட்டது. ஆயினும் "அடிச்சாத்தான் படிப்பான் சேர், கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். வலயப் பணிமனை எத்தனை பயிற்சி நடத்தினாலும் நாம் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கும் வரை பிரம்பு முற்றாக மறையாது.

இன்னொரு விடயமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் 2009இன் பின் திரும்பத் தொடங்கின. பல குடும்பங்களுக்கு இரண்டு இடத்திலும் வாழ்க்கை. தொழில் தேடி ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. விடுகைப் பத்திரம் பெற்ற பிள்ளை அடுத்த பாடசாலையில் சேர்ந்ததா என்று இரு அதிபர்களும் பேசிக்கொண்டாலே, இடைவழியில் தொலையும் பல பிள்ளைகளைக் காப்பாற்றலாம்.

அன்பான தாய்மாரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் போவது மண்டபக் கூரைக்குப் பணம் சேர்க்க மட்டுமல்ல. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இந்தத் தவணையில் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை? யார் அவர்களின் வீட்டுக்குப் போனது? பிந்தி வரும் பிள்ளையை எப்படி நடத்துகிறீர்கள்? மகளிருக்கான மலசலகூடத்தில் தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் இருக்கின்றனவா? அயல் வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் வீட்டில் நின்றால் நீங்களே வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

உங்கள் பிள்ளை முதலாம் பிள்ளையாக வருவது உங்களுக்கு மகிழ்ச்சி. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை நாளையும் வருவது ஊருக்கே நன்மை.