பிரமிடு மேல் ஒரு குரூப் போட்டோ!

குரூப் போட்டோ என்றால் நமக்குத் தெரிந்தது மூன்று வரிசை. முன்னால் நாற்காலியில் மேனேஜர், கடைசியில் பெஞ்ச் மேல் ஏறி நிற்கும் நாம். 1915 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஒரு போட்டோவில் பெஞ்சுக்குப் பதில், எகிப்தின் பெரிய பிரமிடு! காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு, ஆஸ்திரேலியாவின் 11-வது பட்டாலியன் ஜவான்கள் 703 பேர் கல் கல்லாக ஏறி போஸ் கொடுத்தார்கள்.

முதல் உலகப் போர் சமயம். பிரமிடுக்குப் பக்கத்திலேயே மீனா என்ற இடத்தில் முகாம். நாளெல்லாம் மணலில் டிரில். லீவு கிடைத்தால் டிராம் பிடித்து கெய்ரோ. இல்லையா... ஒரு ஒட்டகம், பின்னால் ஸ்பிங்ஸ், ஒரு கிளிக்! சட்டைப்பைக்குள் அடங்கும் கோடக் கேமரா அப்போதே வந்தாச்சு. சில மகானுபாவர்கள் 4,500 வருஷத்துக் கல்லில் சொந்தப் பேரையும் செதுக்கினார்கள். அந்தக் கலை நம்ம ஊர் ஏகபோகம் இல்லை சார்!

ஜாலியெல்லாம் கொஞ்ச நாள்தான். போட்டோ எடுத்த 105-வது நாள், ஏப்ரல் 25 விடிகாலை, துருக்கியின் கலிப்போலியில் முதலில் கரையிறங்கிய படைகளில் இதுவும் ஒன்று. போட்டோவில் இருந்த பலர் வீடு திரும்பவில்லை.

சுமார் நூறு வருஷம் கழித்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் வம்சாவளி ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் உட்கார்ந்து, குடும்ப ஆல்பங்களோடு ஒப்பிட்டு, யார் பெற்ற பிள்ளை எது என்று முகம் முகமாகத் தேடினார்கள்.

பிரமிடு, ஒரே ஒரு ராஜாவின் பேர் நிலைக்கக் கட்டியது. இந்த 703 பேருக்கு அந்த ஒரு போட்டோதான் பிரமிடு!