சிம்கோ ஏரியில் ஒரு பனிக்காலம்

டிசம்பர் 14

உறைந்த ஏரியின்மேல் நின்று மீன் பிடிக்க வேண்டும் என்ற ஆசை, ஸ்காபரோவில் வந்து குடியேறிய முதற் பனிக்காலத்திலேயே என் மனத்தில் புகுந்துவிட்டதெனினும், உத்தியோகமும் குடும்பப் பொறுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாய்க் குறுக்கிட்டமையால், அதனை நிறைவேற்றிக்கொள்ளும் அவகாசம் இவ்வாண்டுதான் வாய்த்தது. இன்று மாலை 28 அங்குல நீளமுள்ள ஒரு சின்னஞ்சிறு தூண்டில் தடியை வாங்கிக்கொண்டு, நேரே கீழ்மாடியில் வசிக்கும் அண்ணையிடம் போய்க் காட்டினேன். பருத்தித்துறையில் பிறந்து, இருபத்தைந்துக்கு மேற்பட்ட பனிக்காலங்களைச் சிம்கோ ஏரியின்மேல் கழித்தவர் அவர். தடியை வாங்கி, நுனியை மெல்ல வளைத்துப் பார்த்து, என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“தடி நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆனா தடி கடைசியா வாங்கிற சாமான். முதல்லை அலவாங்கை வாங்கும்.”

அவர் அலவாங்கு என்று குறிப்பிட்டது, ஊரில் கிடங்கு கிண்டுவதற்கு நாம் எடுக்கும் இரும்புக்கோலின் இனத்தைச் சேர்ந்த ஒரு சாதனம். ஐந்தடி நீளம், நுனி உளிபோல் அகன்று கூர்மையானது, மேல்முனையில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதற்கு ஒரு கயிற்று வளையம். பனிக்கட்டியின்மேல் அடியெடுத்து வைக்குமுன், முன்னே இரண்டு எட்டுத் தூரத்தில் இதனால் ஓங்கிக் குத்தி, எழுகின்ற ஓசையாலும் கையில் ஏறுகின்ற அதிர்வாலும் அவ்விடம் நம்மைத் தாங்குமா தாங்காதா என்று அறிந்துகொண்ட பின்னரே நகர வேண்டுமாம். அதற்கு அடுத்தபடியாக அவர் சொன்னது ஒரு சோடி ஆணிப்பிடிகள். இரண்டு கைப்பிடிகளில் கூரிய ஆணிகளைப் பதித்து, ஒரு கயிற்றால் இணைத்து, அக்கயிற்றை அங்கியின் இரு கைகளுக்குள்ளும் ஓடவிட்டு வைத்துக்கொள்வார்கள். தவறி நீருள் விழுந்தவன், தான் வந்த திசைக்கே திரும்பி, பனிக்கட்டியின் விளிம்பில் அவ்வாணிகளைக் குத்தி, கால்களை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து வெளியேற வேண்டும். ஈரமான பனிக்கட்டியில் வெறுங்கை ஒருபோதும் பிடித்து நிற்பதில்லை.

டிசம்பர் 30

இன்னும் உறையவில்லை. சமையலறை மேசைமேல் ஏரியின் ஆழ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அண்ணையும் நானும் மூன்று மணிநேரம் அமர்ந்திருந்தோம். ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு மணிநேரப் பிரயாணத்தில் உள்ள சிம்கோ, 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதன் தெற்கு மூலையில் ஹொலண்ட் ஆறு வந்து விழும் குக்ஸ் விரிகுடா ஆழங்குறைந்தது, பாசியும் நீர்ப்பூண்டும் செழித்தது. மேற்கே பாரி நகரம்வரை ஒரு விரல்போல் நீண்டு கிடக்கும் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவோ 40 மீற்றருக்கு மேல் ஆழ்ந்து செல்வது.

நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தி அடைகிறது என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தபோது, அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு முழு ஏரியின் பனிக்கால வாழ்க்கை அடங்கியிருக்கிறது என்பதை நான் உணர்ந்தேனில்லை. மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழிறங்கி, ஏரி முழுவதும் அந்த 4 பாகையை எட்டிய பிறகே, அதனிலும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே தங்கி உறையத் தொடங்கும். ஆழமான இடத்தில் இவ்வாறு குளிர வேண்டிய நீர் அதிகம். ஆதலால் தாமதமும் அதிகம். குக்ஸ் விரிகுடா முதலில் மூடிக்கொள்வதும், கெம்பன்ஃபெல்டும் நடு ஏரியும் பல வாரங்கள் பிந்தி உறைவதும் இக்காரணம் பற்றியே. பருவத்தின் தொடக்கத்தில் எங்கே போகலாம் என்ற கேள்விக்கு, மீனைக் கேட்குமுன் வெப்பமே விடை சொல்லிவிடுகிறது.

ஜனவரி 9

விடியற்காலை, குக்ஸ் விரிகுடாவின் கரை. அண்ணை முன்னே குத்திக்கொண்டு நடக்க, அவர் காலடிமேல் காலடி வைத்து நான் சென்றேன். குத்து விழுந்த இடத்தில் ‘ணங்’ என்று ஓசை எழுந்தால் திடம். மந்தமாகச் சத்தம் கேட்டாலோ, நுனியில் ஈரம் தெரிந்தாலோ நிற்க வேண்டும். ஆற்றின் வாய்ப்புறத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஓட்டமுள்ள நீரின்மேல் மூடிய பனிக்கட்டியை எந்த மாதத்திலும் நம்பக்கூடாது என்பது அவர் கொள்கை.

கரையிலிருந்து நூறடி சென்று முதல் துளையிட்டு, விளிம்பில் அளவுகோலைக் கொளுவிப் பார்த்தோம். 17 செ.மீ. நடந்து செல்வதற்குத் தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலம், அதாவது 10 செ.மீ., போதுமென்று பலரும் சொல்வதுண்டு; கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கோ 15 செ.மீ. அண்ணை இரண்டாவதையே ஏற்றுக்கொண்டவர், நானும் அவ்வாறே. வெண்பனி நனைந்து உறைந்த பால்நிறப் பனிக்கட்டிக்கு, கண்ணாடிபோன்ற தெளிந்த பனிக்கட்டியின் பலத்தில் பாதிதான் உண்டு என்பதால், அங்கே தடிப்பையும் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும்.

துளையிட்டதும் நீரோடு பனித்தூள் பொங்கி வழிந்தது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடையை வடித்தெடுக்கும் அகப்பையைப் போன்ற ஒன்றினால் அதை வாரியெறிந்த பின், வட்டமான கருநீர் அசைவற்றுத் தெரிந்தது. உடனே தூண்டிலை இறக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்திய அண்ணை, தம் சட்டைப்பையிலிருந்து ஒரு ஈயக்குண்டை எடுத்து, அதன் அடியிலிருந்த குழியில் சிறிது கொழுப்பை அப்பி, தங்கூசியில் கட்டி இறக்கினார். பதினோரடியில் தரை தட்டியது. மேலே இழுத்துப் பார்த்தபோது, கொழுப்பில் கருஞ்சேறும், இன்னும் பச்சை மாறாத ஒரு பூண்டின் இலைத்துண்டும் ஒட்டியிருந்தன.

“எங்கடை அப்பு வள்ளத்திலை இப்பிடித்தான் பாப்பார். மணலோ, சேறோ, பாரோ எண்டு குண்டு சொல்லும்.”

அந்த இலைத்துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். பச்சையாய் இருக்கும் பூண்டு, பனிக்கட்டியை ஊடுருவும் வெளிச்சத்தால் பிராணவாயுவை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது; பழுப்பேறி அழுகும் பூண்டோ இருக்கிற பிராணவாயுவையும் உண்டுவிடுகிறது. ஆகவே பச்சைப் பூண்டுக் காட்டின் வெளிவிளிம்பே நமக்கு வேண்டிய இடம். அடுத்தடுத்து ஆறு துளைகள் ஆழத்தை நோக்கி இட்டோம். ஐந்தாவதில், 16 அடியில், குண்டு வெறும் சேற்றோடு வந்தது. அந்த எல்லையில்தான் மஞ்சள் பேர்ச் மீன்கள் நின்றன. 4 இறாத்தல் தங்கூசி, ஒரு சிறு முள், அரிசிமணி அளவு ஈயம், உயிருள்ள ஒரு சின்ன வெள்ளி மீன், இவ்வளவே போதுமானதாயிற்று. குளிர்நீரில் மீனின் உடற்செயல்கள் மந்தமடைவதால் அது இரையைப் பறித்துக்கொண்டு ஓடுவதில்லை. தடியின் நுனி ஒரு நூலளவு தாழ்கிறது, அவ்வளவுதான். தடி ஏன் இத்தனை மெலிதாக இருக்க வேண்டும் என்பது அப்பொழுதே எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

நண்பகலில் ஏரி முழங்கியது. தூரத்து இடிபோல் தொடங்கி, காலடியின்கீழ் ஓடி, எதிர்க்கரையில் சென்று மறைந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். வெப்பம் மாறுகையில் பனிக்கட்டி விரிவதாலும் சுருங்குவதாலும் உண்டாவது அது என்று அண்ணை என்னை அமரவைத்தார்.

ஜனவரி 10

தோள் வலிக்கிறது. எங்கள் துறப்பணம் கையால் சுற்றுவது. 8 அங்குல வாயுடையது. 6 அங்குல வாயுடையதோடு ஒப்பிட்டால் விட்டம் இரண்டங்குலமே அதிகம். ஆனால் அகற்ற வேண்டிய பனிக்கட்டியோ ஏறக்குறைய 1.8 மடங்கு. பேர்ச் பிடிப்பவனுக்கு 6 அங்குலமே தாராளம். ஆழநீரின் பெரிய ட்ரவுட்டை மேலே கொண்டுவர 8 வேண்டும். இரண்டையும் ஒரே கருவியால் சாதிக்க எண்ணுகிறவன் பெரியதை வாங்கி, அதன் சிரமத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அலகுகளில் ஒரு மணற்பருக்கை பட்டாலும் கூர் கெட்டுவிடும். கரையில் அதைச் சாத்திவைக்கும்போது உறையை மாட்ட நான் மறந்ததனால்தான் கடைசி மூன்று துளைகளும் அவ்வளவு பாடுபடுத்தின.

ஜனவரி 25

இன்று அண்ணையின் ஒலியலைக் கருவியைக் கொண்டுபோனோம். வட்டமான முகப்பில் நிறக்கோடுகளாகத் தரையையும், நம் இரையையும், இடையில் வந்து நிற்கும் மீனையும் காட்டுவது. விசேஷம் என்னவென்றால், வெண்பனியை ஒதுக்கி, தெளிந்த பனிக்கட்டியின்மேல் சிறிது நீரை ஊற்றி, அதன்மேல் கருவியின் உணரியை வைத்தால், துளையிடாமலே ஆழம் தெரிந்துவிடுகிறது. இவ்வாறு ஐம்பது இடங்களை ஒரு மணிநேரத்தில் பார்த்து, சரிவு சட்டென்று இறங்கும் கோட்டைக் கண்டபின், பத்து இடங்களில் மட்டும் துளையிட்டோம்.

ஒரே துளையின் அருகில் காலை முதல் மாலை வரை குந்தியிருந்து மீன் வருமென்று காத்திருப்பது பழைய வழக்கம். மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஜென்ஸ், சறுக்கில் இழுத்துச் செல்லத்தக்க கூடாரத்தையும் இவ்வகை ஒலியலைக் கருவியையும் துணைக்கொண்டு, மீனைத் தேடி நாம் போகவேண்டும் என்ற முறையைப் பரப்பினார். பத்து நிமிஷம் பார்ப்பது, அசைவில்லையானால் அடுத்த துளை. இக்கொள்கையை ஏற்றுக்கொண்டால் மற்ற உபகரணங்களின் தெரிவும் தானே தீர்மானமாகிவிடுகிறது: சுமக்கவோ இழுக்கவோ முடியாத எதுவும், எவ்வளவு சிறந்ததாயினும், நமக்குரியதன்று. ஒன்ராறியோவில் பனிக்கட்டியின்மேல் ஒருவருக்கு இரண்டு தூண்டில்கள் அனுமதிக்கப்பட்டிருந்தும், இரண்டும் 60 மீற்றருக்குள், கண்பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பெப்ரவரி 8

ஜாக்சன்ஸ் பாயிண்டிலிருந்து நடு ஏரிக்கு. வாடகைக் குடில்களுக்கு ஆட்களைக் கொண்டுசெல்லும் பழைய பொம்பார்டியே வண்டியில் ஏறிச் சென்றோம். முன்னே சறுக்குகளும் பின்னே தொடர்பட்டைகளும் கொண்டு, கப்பலின் யன்னல்போல் வட்டக் கண்ணாடிகள் பதித்த அவ்வண்டியை ஆக்கியவர், 1942இல் கியூபெக்கின் வால்கூர் ஊரில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே. வழியில் அழுத்த வெடிப்பொன்றைச் சுற்றிப் போக நேர்ந்தது. இரு பக்கத்துப் பனித்தகடுகளும் மோதி, முழங்காலளவு உயர்ந்து நின்றன. அதன் அடிவாரத்தில் நீர் கசிந்திருந்தது. நேற்றுக் கடந்த இடத்தை இன்று நம்பாமல், ஓட்டுநர் இறங்கிச் சென்று குத்திப் பார்த்தது எனக்கு மிகுந்த திருப்தி அளித்தது.

70 அடி ஆழத்தில் வைட்ஃபிஷ். தரையை மேய்வது அதன் சுபாவம். ஆகையால் கனமான உலோக இரையால் சேற்றைத் தட்டி, ஒரு சிறு புழுதி எழுப்பி, பிறகு அசையாமல் வைத்திருக்க வேண்டும். குடிலினுள் வாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்தும், அண்ணை கதவைக் கையகலம் திறந்தே வைத்திருந்தார். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட்டுக்கு அவர் அஞ்சுவதைப்போல் குளிருக்கு அஞ்சுவதில்லை.

பெப்ரவரி 22

கெம்பன்ஃபெல்ட் விரிகுடா. கரையிலிருந்து சிறிது தூரம் நடந்தவுடனே ஆழம் வந்துவிடுவதால் வண்டி வேண்டியிருக்கவில்லை. 95 அடியில் இரையை இறக்கி, ஒலியலைக் கருவியைப் பார்த்திருந்தேன். தரைக்கு மேலே இருபதடியில் ஒரு தடித்த சிவப்புக்கோடு தோன்றி, நான் சுற்றியெடுக்க, அதுவும் இரையைத் தொடர்ந்து மேலேறி வந்தது. பத்து நிமிஷத்துக்குப் பின் துளையின் வட்டத்தில் ஒரு ட்ரவுட்டின் முகம்.

நீரிலேயே வைத்துத் துடுப்புகளைப் பார்க்கும்படி அண்ணை சொன்னார். குஞ்சுப்பண்ணையில் வளர்த்து விடும் மீன்களுக்கு ஒரு துடுப்பைக் கத்தரித்து அடையாளமிடுவது இங்கு வழக்கம். வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்துசேரும் பொஸ்பரசினால் பாசி பெருகி, அது மடிந்து அடியில் அழுகி ஆழநீரின் பிராணவாயுவைத் தின்றமையால், 1960களுக்குள் இவ்வேரியில் ட்ரவுட்டின் இயற்கை வமிசவிருத்தி குலைந்துபோயிற்று. அது முதற்கொண்டு பண்ணைக் குஞ்சுகளே இனத்தைக் காத்து வந்தன. 2008இல் இந்த ஓர் ஏரிக்கென்றே மாகாண அரசு ஒரு பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியதும் பொஸ்பரசைக் குறைக்கும் நோக்கத்தோடுதான். என் கையில் இருந்த மீனுக்குத் துடுப்புகள் எல்லாம் முழுமையாக இருந்தன; ஏரியிலேயே பிறந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முள்ளைக் கழற்றி, தலைகீழாய்ப் பிடித்து விட்டேன். கருநீரில் ஒரு முறை வாலை அடித்து இறங்கிப் போயிற்று.

மார்ச் 11

குடில்கள் எல்லாம் 15ஆம் தேதிக்குள் ஏரியை விட்டு அகற்றப்பட வேண்டும். ட்ரவுட்டுக்கும் வைட்ஃபிஷுக்கும் பருவம் முடிவதும் அன்றே. கடைசியாக ஒரு முறை பேர்ச்சுக்குப் போவோமென்று, எல்லாவற்றையும் சறுக்கில் கட்டிக்கொண்டு குக்ஸ் விரிகுடாவில் இறங்கினோம். அளந்தபோது 35 செ.மீ. இருந்தது, ஜனவரியில் நாங்கள் நின்றதைவிட இரட்டிப்பு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அண்ணையோ, துளையின் ஓரத்திலிருந்து பெயர்ந்த ஒரு துண்டைக் கையில் எடுத்து, சிறிது அழுத்தினார். மெழுகுவர்த்திகளைக் கட்டுக்கட்டாய் நிறுத்தினாற்போல் இருந்த நெடும்படிகங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து விழுந்தன. வெயில் உள்ளே புகுந்து படிகங்களின் பொருத்துகளை உருக்கிவிட்டால், தடிப்பு இருந்தும் பலம் இருப்பதில்லை.

இன்னும் பத்தடி முன்னே சென்று அலவாங்கால் குத்தினார். முதற் குத்தில் மந்தமான ஓசை. இரண்டாவதில் நுனி பாதி இறங்கியது. மூன்றாவதில் நீர் வந்தது. கயிற்று வளையத்தை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டு, “வாரும், தம்பி” என்று சொல்லித் திரும்பினார். வந்த தடத்திலேயே, சறுக்கை எனக்குப் பின்னால் நீளக் கயிற்றில் விட்டு இழுத்துக்கொண்டு, கரைக்கு நடந்தோம். தடி உறையைவிட்டு வெளியே எடுக்கப்படவேயில்லை.