மௌத்து வீட்டுக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு



பெண்கள் மதரஸாவில் ஹதீஸும் ஃபிக்ஹும் ஓதிக்கொடுப்பவள் சமையல் குறிப்பு எழுத வந்திருப்பதைக் கண்டு உங்களில் சிலர் வியக்கக்கூடும். நம் ஹதீஸ் தொகுப்புகளில் உணவுக்கென்றே தனி அத்தியாயங்கள் உண்டு. உணவை யாருக்கு, எந்த நிலையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதும் அந்நூல்களில் பேசப்படுகின்றது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் சீஸும் அடுக்கி ஓவனில் வேகவைக்கும் ஓர் உணவை நான் எழுத எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். அது என் அடுக்களைக்கு வந்ததே ஒரு மௌத்து வீட்டின் வழியாகத்தான்.

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி மணமாகி, கணவருடன் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழ்கின்றாள். மகனைப் பார்க்கச் சென்றிருந்த அவளுடைய மாமியார் அங்கேயே வஃபாத்தானார். உறவென்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அடக்கம் முடித்து வீடு திரும்பியபோது வாசற்படியில் துணியால் மூடிய ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. எதிர்வீட்டு மூதாட்டி வைத்துச் சென்றிருந்தார். அவர் மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர். அம்மாநிலத்தில் அவர்களே மிகுதி. மரணம் நிகழ்ந்த வீட்டுக்கு இந்த உருளைக்கிழங்கு உணவைச் சமைத்துக் கொண்டுபோவது அவர்களுடைய வழக்கம். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயரே ‘இறுதிச்சடங்கு உருளைக்கிழங்கு’ என்பதுதான். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது விற்கப்பட்ட நினைவு ஊசிகளில் ஒன்றில் இவ்வுணவின் உருவம் பொறிக்கப்பட்டிருந்ததாம், அவ்வளவு பெயர்பெற்றது.

அவர்கள் செய்முறையில் டப்பாவில் வரும் கோழி சூப் சேர்வது வழக்கம். ஆகவே என் மாணவி அதை உண்ணவில்லை. நன்றி கூறி, காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். அந்த மூதாட்டி முகம் சுளிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிழங்குப் பையோடு வந்து, ‘உங்களுக்கு ஆகுமான முறையை நீயே சொல், சேர்ந்து சமைப்போம்’ என்று அவளுடைய அடுக்களையிலேயே நின்றுகொண்டார். சூப்புக்குப் பதிலாக வெண்ணெய், மாவு, பால் சேர்த்த வெள்ளைக் குழம்பு அன்று உருவானது. அந்தக் குறிப்பைத்தான் அவள் எனக்கு அனுப்பினாள். கூடவே, “உஸ்தாபி, ஜஅஃபர் ரலியல்லாஹு அன்ஹு வீட்டு ஹதீஸை எனக்கு ஓதிக்கொடுத்தது நீங்கள்; செய்து காட்டியது அந்தப் பாட்டி” என்று எழுதியிருந்தாள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன்.

அவள் குறிப்பிட்ட ஹதீஸ் நீங்கள் அறிந்ததே. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃதா போரில் ஜஅஃபர் இப்னு அபீ தாலிப் (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அன்று மாவு பிசைந்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வந்து அந்தப் பிள்ளைகளை அணைத்துக் கண்ணீர் வடித்தார்கள். பின்னர், ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு தயாரிக்குமாறு பணித்தார்கள். அவர்களை முற்றிலும் ஆட்கொள்ளும் துயரம் ஒன்று அவர்களுக்கு வந்துவிட்டது என்று காரணமும் கூறினார்கள். அபூதாவூத், திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இந்தக் கட்டளை இடம்பெற்றுள்ளது. வகுப்பில் இதை ஓதும்போதெல்லாம் அந்தப் பிசைந்த மாவில்தான் என் மனம் நிற்கும். அந்த வீட்டில் மாவு இல்லாமல் இல்லை. அதைச் சுட்டெடுக்கும் கைகள்தாம் ஓய்ந்துபோயின.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் தமது ‘அல்உம்மு’ நூலில், மரணம் நிகழ்ந்த பகலிலும் இரவிலும் அவ்வீட்டார் வயிறார உண்ணும் அளவுக்கு அண்டை வீட்டாரோ உறவினரோ உணவு தயாரித்துக் கொடுப்பதை விரும்புவதாக எழுதுகின்றார்கள்.

நம் ஊர்களில் நடப்பது என்ன? முதல் சில வேளைகளுக்கு உறவினர் வீடுகளிலிருந்து சோறு வரத்தான் செய்கின்றது; அதை மறுப்பது நன்றி கெட்ட பேச்சாகும். ஆனால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று வரும்போது திசை மாறிவிடுகின்றது. துயருற்ற வீடு விருந்து வைக்கின்றது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பிரியாணியில் கறி குறைவென்று பேசிச் செல்கின்றார்கள். கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கின்றார்கள், மேடைகளும் ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. மையித்தின் வீட்டில் கூடுவதையும் அங்கே உணவு தயாரிப்பதையும் ஒப்பாரியின் ஒரு வகையாகவே தாங்கள் கருதிவந்ததாக ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) கூறியதை இப்னு மாஜாவில் காண்கிறோம். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்காகத் தன் காதுத்தோட்டை அடகு வைத்த ஒரு விதவையை நான் நேரில் அறிவேன். விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும் அதைச் சுன்னத் என்று சொல்லமாட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு வரும் நாள்களே இன்னும் கடினமானவை. ஆயிஷா (ரலி) அவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தில் ஒருவர் இறந்து, அதற்காகக் கூடிய பெண்கள் கலைந்து சென்று, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியபின், ஒரு சட்டியில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். வாற்கோதுமை மாவில் செய்யும் மென்மையான கஞ்சி அது. அதைத் தரீது எனும் ரொட்டி உணவின்மேல் ஊற்றி, உண்ணச் சொல்வார்கள். தல்பீனா நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) சொல்லத் தாம் கேட்டதாக அவர்கள் அறிவித்ததை புகாரீயிலும் முஸ்லிமிலும் காணலாம்.

எங்கள் தெருவில் மாமி ஒருவர் இத்தாவில் இருக்கின்றார். நான்கு மாதம் பத்து நாள். பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில். அடக்கத்துக்கு வந்துவிட்டு இரண்டாம் வாரமே விடுப்பு முடிந்து திரும்பினார்கள். அறுபது நாள் கழிந்த நிலையில் நான் சென்று பார்த்தபோது அடுப்பில் தேநீர்ச் சட்டி மட்டும் இருந்தது. மேசையில் ஒரு ரஸ்க் பொட்டலம். “ஒருத்திக்காக எதுக்கும்மா உலை வைக்கணும்?” என்றார். மேல்வரிசைப் பற்கள் இல்லை. ஆணத்தில் காரம் தாங்குவதில்லை. அவருக்காகத்தான் இந்தத் தட்டை முதலில் செய்தேன்.

உருளைக்கிழங்கு ஒரு கிலோ. ஊட்டிக் கிழங்கு கிடைத்தால் நல்லது. தோலோடு பாதி வேக்காட்டில் எடுத்து, ஆறியபின் தோலுரித்து, கால் அங்குலக் கனத்தில் வில்லைகளாக நறுக்க வேண்டும். முழுதும் வெந்துவிட்டால் அடுக்கும்போது மசிந்துபோகும். அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, இரண்டு கரண்டி நெய்யில், குறைந்த தீயில், அரைமணி நேரம் வதக்குங்கள். இங்கே அவசரம் ஆகாது. நீர் வற்றி, பொன்னிறம் தாண்டிச் சற்றே பழுப்பேறி, அல்வாப் பதத்தில் சுருண்டு வரவேண்டும். பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என்ற தடை அவற்றின் பச்சை வாடையைப் பற்றியது. உண்ண விரும்புவோர் சமைத்து அந்த வாடையைச் சாகடித்துவிடட்டும் என்று உமர் (ரலி) தமது குத்பாவில் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்த அரைமணி நேரம் அதைத்தான் செய்கின்றது. ரமளானில் தராவீஹுக்கு முன் இதை உண்ணத் தயங்க வேண்டியதில்லை.

இனிக் குழம்பு. ஐம்பது கிராம் வெண்ணெயை உருக்கி மூன்று மேசைக்கரண்டி மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசம் போகும்வரை கிளறுங்கள். 600 மில்லி காய்ச்சிய பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கினால் தோசைமாவுப் பதத்துக்கு வரும். உப்பு, மிளகுத்தூள். தீயை அணைத்தபின் 200 கிராம் துருவிய சீஸில் பாதியைச் சேர்த்துக் கரைக்கவும். வெண்ணெய் தடவிய தட்டில் கிழங்கு, அதன்மேல் வெங்காயம், அதன்மேல் குழம்பு என்று இரண்டு சுற்று அடுக்கி, மீதிச் சீஸை மேலே தூவி, 180 டிகிரியில் நாற்பது நிமிடம். ஓரங்களில் கொதித்து, மேற்புறம் ஆங்காங்கே கருஞ்சிவப்பாக வந்ததும் எடுத்துவிடலாம். உடனே வெட்டினால் வழியும். கால்மணி நேரம் ஆறவிடுங்கள். யூட்டாவில் நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸை வெண்ணெயில் பிசறி மேலே தூவுகின்றார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். பல் இல்லாதவர்க்கு வேண்டாம். அதே காரணத்தால் மொஸரெல்லாவையும் தவிர்த்தேன், அது நூல் நூலாக இழுபடும். செடார் உருகி அடங்கிவிடும். ஓவன் இல்லாதவர்கள் பிரியாணிக்குத் தம் போடுவதுபோல் கனத்த சட்டியில் வைத்து, மூடிமேல் தணலைப் பரப்பலாம். நிறம் கொஞ்சம் குறையும், சுவை குறையாது. சர்க்கரை நோய் உள்ளவர்க்கு இது ஒரு வேளைக்கு இரண்டு கரண்டிதான். கிழங்கும் மாவும் பாலும் ஒன்றுசேர்ந்தது என்பதை மறக்கக்கூடாது.

மாமி தட்டைத் திறந்து பார்த்தார். மணம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் கரண்டியை எடுக்கவில்லை. “இந்த சீஸைக் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற மருந்து போட்டுத்தான் செய்வாங்களாமே? போன்ல வந்துச்சு. மெய்தானா, உஸ்தாபி?”

பசியோடிருப்பவர் உண்டால் போதும் என்று, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள் மாமி’ என்று சொல்லிவிட நாக்கு முந்தியது. ஆனால் அவர் என்னை அண்டை வீட்டுப் பெண்ணாக மட்டும் கருதிக் கேட்கவில்லை. ஓதியவள் என்று நம்பிக் கேட்டார். ஆகவே விளக்கமாகவே சொன்னேன். அந்தச் செய்தியில் உண்மை உண்டு. பாலைத் திரியவைக்கும் ரென்னட் என்னும் பொருள் பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. நம் ஃபிக்ஹு நூல்களில் அதற்கு இன்ஃபஹா என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில், பாலன்றி வேறெதுவும் உண்ணாத குட்டியை முறைப்படி அறுத்து எடுத்ததானால் அது சுத்தமானது. செத்ததிலிருந்து எடுத்தால் நஜிஸ். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ செத்ததிலிருந்து எடுத்ததும் சுத்தமே என்றார்கள். ஆனால் இன்று பெரும்பாலான ஆலைகளில் அந்தப் பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டே உண்டாக்குகின்றார்கள். அத்தகைய ஒன்றுக்கு அமெரிக்க அரசு 1990இலேயே அனுமதி அளித்தது. நம் நாட்டில், சதுரத்துக்குள் பச்சை வட்டம் அச்சிட்ட சீஸில் விலங்கு ரென்னட் சேர்க்க இயலாது. அது சைவ உணவுக்கான சட்டக் குறி. வெளிநாட்டில் இருப்பவர்கள் உறையில் எழுதியிருக்கும் சேர்பொருள்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உறையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சை வட்டத்தைப் பார்த்தார். தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி ஒன்று கொண்டுவரப்பட்டதையும், கத்தி வாங்கி, பிஸ்மில்லாஹ் கூறி, அதை வெட்டியதையும் அபூதாவூதில் உள்ளபடி சொன்னேன். எது வந்தாலும் ஐயுறுவதைப் பேணுதல் என்று எண்ணுகிறவர்கள் இந்த ஹதீஸைச் சற்றே நின்று படிக்க வேண்டும். எதையும் கேளாமல் உண்பவர்களுக்கோ மாமியின் கேள்வியைப் பரிந்துரைப்பேன்.

அவர் பிஸ்மி சொல்லி நான்கு கரண்டி சாப்பிட்டார். பிறகு, தம் கணவர் உருளைக்கிழங்கு நறுக்கினால் ஒரு துண்டுபோல் மறு துண்டு இருக்காது என்று சொல்லிச் சிரித்தார். அறுபது நாளில் அவர் கணவரைப் பற்றிச் சிரித்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

கொண்டுபோகும் பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல். முதல் வாரத்தில் மௌத்து வீட்டுக்குக் கொடுப்பதானால் கடையில் விற்கும் அலுமினியப் பெட்டியே ஏற்றது. நம் பெண்கள் பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டின்மீது அந்தக் கடமையையும் ஏற்ற வேண்டாம். இரண்டு மாதம் சென்ற வீட்டுக்கு வேறு கணக்கு. மாமிக்கு வேண்டுமென்றே என் கண்ணாடித் தட்டில் கொடுத்தேன். எட்டு நாள் அது வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே, வாழையிலையின் மேல், ஆவி அடங்காத பத்து இடியாப்பம். இரண்டு உடைந்திருந்தன.