பனங்காய் மணத்த சட்டை

எங்கள் விடுதியில் கிழமை பிறந்தது திங்களிலல்ல, சனிக்கிழமை உடுப்புத் தோய்ப்பில்தான். கிளிநொச்சியில் குருகுலம், மகாதேவ ஆச்சிரமம், கருணா நிலையம் என்று பிள்ளைகளை வைத்துப் பார்த்த பேர்பெற்ற இடங்கள் இருந்தன. எங்களுடையது அந்த வரிசையில் சேராது. ஓலைக்கூரை, துலாக் கிணறு, கொஞ்சப் பெடியள், ஒரு மாஸ்டர், ஒரு சமையல் ஆச்சி. 1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கையோடு ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அக்கராயன் பக்கம் எழும்பியபோது அந்தக் கூரையும் போய்விட்டது. அது வேறு கதை. ஊர்ப்பெயர்தான் எங்களுக்குப் பட்டப்பெயர்: மாங்குளத்தான், முழங்காவிலான், பக்கத்துப் பாயில் ஒட்டுசுட்டான். அவன் பெயரைச் சொல்லி முடிக்கச் சாப்பாட்டு மணி அடித்துவிடும் என்பதால் 'ஒட்டு' என்று குறுக்கிவிட்டோம்.

1990இல் வந்த பொருளாதாரத் தடையால் சவுக்காரம் கண்ணில் படுவதே அருமை. ஆவணியில் பனம்பழம் தொப்புத் தொப்பென்று விழத் தொடங்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம். விடிய முன்னமே சாக்கோடு ஓடிப் பொறுக்கி வந்து, தோலை உரித்து, வாளித் தண்ணீரில் பினைந்து, அந்த மஞ்சள் களிக்குள் வெள்ளைச் சட்டையை ஊறவைத்துக் கல்லில் அடித்தால், சத்தியமாக ஊத்தை போகும். வெள்ளை மட்டும் கொஞ்சம் பழுத்த வெள்ளையாக வரும், மணமோ பனங்காய்ப் பணியாரம் சுடுகிற வீட்டு மணம். அந்த மணம் எங்களுக்கு மட்டும் பிடித்திருந்தால் பரவாயில்லை. ஒருநாள் வேலியில் காயப்போட்ட என் சட்டையின் கையை ஒரு சிவலைப் பசு கண்ணை மூடிக்கொண்டு சப்பிக்கொண்டு நிற்கிறது. நான் ஒருபக்கம் இழுக்க, அது தலையை ஆட்டி மறுபக்கம் இழுக்க, ஒட்டு வாலைப் பிடித்துக்கொண்டு கத்த, ஆச்சி அகப்பையோடு ஓடிவந்தா. "விடடா மேனே, மாடு பால் தரும், உன்ர சட்டை தருமே?" திங்களன்று கிழிந்த கையை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நாலைந்து பேர் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்துத் தாங்களும் மடித்துவிட்டார்கள்.

மற்ற நாட்கள் ஒன்றுபோலத்தான். காலையில் புட்டும் இடிசம்பலும், பின்னேரம் கூட்டுப் பிரார்த்தனை, பிறகு விளக்குப் படிப்பு. விளக்கென்றால் ஜாம் போத்தல். அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியை நிறுத்திக் கொளுத்தினால் காற்றுக்கும் அணையாது. மோட்டார்சைக்கிள்களே மண்ணெண்ணெயில் புகைவிட்டு ஓடிய நாட்கள், போத்தலுக்குள் எவ்வளவுதான் விடுவார்கள்? ஒரு வெளிச்சத்துக்கு நாலு தலை. கணக்குச் செய்தோமோ இல்லையோ, விடிய மூக்குச் சிந்தினால் கரி வரும். செய்தி நேரத்துக்கு மாஸ்டர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி, எங்களில் ஒருவனைப் பெடல் சுற்ற விடுவார். கை ஓய்ந்தால் வாசிக்கிறவரின் குரலும் ஓய்ந்துவிடும். "டேய், சுத்தடா! ஆள் சாகப்போறார்!"

ஞாயிறு பின்னேரம்தான் வீட்டுக்காரர் வருகிற நேரம். அம்மா எள்ளுருண்டை கொண்டுவந்து, மடித்த சட்டைக்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வேலிப்பக்கம் பார்த்து ஏதோ முணுமுணுத்தா. ஒட்டுவின் ஐயா விடியப்புறமே வெளிக்கிட்டுச் சைக்கிள் மிதித்து வந்து, எருமைத்தயிர் முட்டியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, வாழைச்சருகுப் பொட்டலமொன்றை மகனின் பெட்டிக்குள் பூனைபோல வைத்துவிட்டுப் போனார். மான்வத்தல். விடுதியிலோ மச்சம் தொடக்கூடாது. இரவு பாய் விரிக்கிற நேரம் மாஸ்டர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா மணக்குது?"

"பனங்காய், சேர்," என்றான் ஒட்டு.

"ஓ... கொம்பு முளைச்ச பனங்காய் போல."

பொட்டலம் அன்றிரவே ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் பள்ளி விட்டதும் மாஸ்டரின் சைக்கிள் அந்தப் படலையடியில்தான் நின்றதென்று மாங்குளத்தான் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினான்.