சரியாக ஆயிரம் நிரை வந்தால்

ஊழியர் விபரத்தை அக்டிவ் டைரக்டரியில் இருந்து எக்செலுக்கு எடுத்துத் தரும்படி கேட்பார்கள். வினவலை எழுதி ஓடவிட்டால் பிழைச் செய்தி ஒன்றும் வராது. பெயர், பதவி, தொலைபேசி எல்லாம் வடிவாக வந்து நிற்கும். எண்ணிப் பார்த்தால் சரியாக 1000 நிரை. ஆயிரத்துக்கு ஒன்று கூடாமல் குறையாமல் ஆட்கள் உள்ள நிறுவனம் எங்கே இருக்கிறது? அந்த எண்ணைக் கண்டதும் பட்டியலை யாருக்கும் அனுப்பக் கூடாது.

அக்டிவ் டைரக்டரி ஒரு தடவைக்கு 1000 பதிவுகளுக்கு மேல் கொடுக்காது. இயல்பாகவே வைக்கப்பட்ட எல்லை அது. மிச்சத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்குவது கேட்பவரின் பொறுப்பு. அதற்கான முறை 1999 இலேயே டைரக்டரியை வினவும் எல்டாப் நெறிமுறைக்கு வந்துவிட்டது. மக்ரோவில் ஏடிஓ வழியாக எடுப்பவர் கட்டளையின் ‘பேஜ் சைஸ்’ பண்புக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். 500 என்று கொடுத்தாலும் முழுப் பட்டியலும் வந்து சேரும். சேர்வரிலேயே எல்லையை உயர்த்திவிடலாம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். விண்டோஸ் சேர்வர் 2008 தொடக்கம், எவ்வளவு உயர்த்தினாலும் அது 20,000 ஐத் தாண்டாது. ஒரு பட்டியலுக்காக எல்லோரும் பாவிக்கும் சேர்வரில் சுமையேற்றுவதும் சரியான வேலை அல்ல.

எக்செலின் பவர் குவரியில் இன்னொரு ஆயிரம் இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால், எடிட்டர் நிரல்களின் விபரத்தை முதல் 1000 நிரைகளை வைத்தே காட்டும். அது வெறும் முன்னோட்டம். தாளில் ஏற்றிய பின் வலப்பக்கத்தில் எத்தனை நிரை ஏறியது என்று வரும். அதைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய பிறகும் ஆட்கள் விடுபடலாம். பெரிய குழுவொன்றின் அங்கத்தவர்களை எடுத்தால் 1500 பேரோடு வெட்டுப்படும். அடுத்த துண்டைத் தனியாகக் கேட்க வேண்டும். தேடலை ஒரு மட்டத்தோடு நிறுத்தினால் உட்பிரிவில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். கரைதுறைப்பற்றுப் பிரதேசம் மட்டும் போதும் என்று, அதற்குள் இருக்கும் முள்ளியவளை ஊருக்கு வராமல் திரும்புவது போன்றது அது. பார்க்க அனுமதி இல்லாத பதிவுகளும் சத்தமின்றி விடுபடும். அதனால் கடைக்கோடி உட்பிரிவில் வேலை செய்யும், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் பெயரை முதலில் தேடுவேன். அவர் வந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் மற்றது. தொலைபேசி நிரலை எழுத்தாக மாற்றவும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் 021 இன் முன் பூச்சியம் போய்விடும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் எங்கள் ஊர். 2009 இல் போர் முடிந்த பிறகு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கு நிவாரணமா, வீட்டுத்திட்டமா, எல்லாம் பட்டியலைப் பார்த்துத்தான். பெயர் விடுபட்டவர் பைலைத் தூக்கிக்கொண்டு விதானையாரிடமும் கச்சேரிக்கும் அலைய வேண்டும். இருக்கிற பெயரில் எழுத்துப் பிழை என்றால் கண்ணில் படும். இல்லாத பெயர் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணில் படாது. விடுபட்டவருக்கு மட்டுமே தெரியும்.

பட்டியலைக் கையளிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். டைரக்டரியில் எத்தனை பேர், தாளில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் முதல் நிரைக்கு மேலே எழுதிவிட்டுக் கொடுங்கள். இரண்டும் ஒத்துவரும் வரை கொடுக்காதீர்கள்.