சும்மா இருப்பவர்கள்

மறையூர் வெல்ல உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அச்சில் ஊற்றியது இல்லை, கையால் பிடித்தது. விரல் தடம் அப்படியே இருக்கும். 2019-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு அங்கே கரும்புக்காடும் ஆலையும் உண்டு. மாமா பாகு காய்ச்சுவார். அத்தை சக்கையைக் காயப்போட்டு அடுப்புக்கு அள்ளி வருவார், பதம் பார்த்து உருண்டை பிடிப்பார்... அத்தை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் மாமா சொல்வது, "அவ சும்மா வீட்லதான் இருக்கா."

பிழைப்புக்காகப் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் இந்தச் 'சும்மா' என்னை விடுவதாயில்லை.

2017-ல் தொடங்கிய இந்திய உழைப்பாளர் கணக்கெடுப்பில் (பி.எல்.எஃப்.எஸ்.) ஆளுக்கு ஒரு எண் போடுவார்கள். வீட்டுத் தொழிலில் கூலியில்லாமல் உதவினால் 21. உழைப்பாளர் கணக்கில் சேர்த்தி. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. அதோடு விறகு, கீரை பொறுக்கி வந்தால் 93. இந்த இரண்டும் கணக்குக்கு வெளியே. அத்தை நியாயப்படி 21. மாமாவைக் கேட்டு எழுதினால் 92!

15 வயது தாண்டிய பெண்களில் வேலையில் இருப்பவர், தேடுபவர் பங்கு 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7. இதில் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எத்தனை, ஏற்கெனவே செய்த வேலை இப்போதுதான் எழுதப்பட்டவர்கள் எத்தனை என்று ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மறையூரிலிருந்து 40 கிலோமீட்டர் ஏறினால் மூணாறு. அங்கே கொழுந்து எடுக்கும் தமிழ்ப் பெண்களின் பேர் பதிவேட்டில் இருக்கிறது. பி.எஃப்., கிராஜுவிட்டி உண்டு. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று கூடி, சங்கத் தலைவர்களையும் கிட்டே விடாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் போனஸ் வந்தது. 500 கேட்ட தினக்கூலி 232-லிருந்து 301 ஆனது. பத்தாதுதான். ஆனால் கூலி என்று ஒன்று இருந்தால்தானே கூட்டிக் கேட்க முடியும்? அத்தை யாரிடம் போய் போனஸ் கேட்பார்?

இன்னொன்று. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. நடைமுறையில் பல இடங்களில் கோளாறு, அது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம் காப்பகத்துக்கு இலக்கு வைத்தது 2002-ல், பார்சிலோனாவில். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 33 சதவீதத்துக்கு இடம் வேண்டும் என்று.

நான் இருக்கும் நெதர்லாந்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலே 'வேலையில் இருப்பவர்'. வேலைக்குப் போகும் பெண்களில் பாதிக்கு மேல் பகுதிநேரம். நம் வீட்டுப் பெண்கள் பலர் கணவரோடு வந்தவர்கள், வேலை செய்ய அனுமதியும் உண்டு. ஆனால் காப்பகச் செலவுக்கு அரசு உதவி வேண்டுமானால் பெற்றோர் இருவரும் வேலையிலோ படிப்பிலோ இருக்க வேண்டும். காப்பகம் இல்லாமல் வேலை தேடுவது எப்படி? கல்யாணமானால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதை :-)

எங்கள் குடியிருப்பில் மட்டும் இப்படி மூன்று பேர். ஒருவர் சிவில் இன்ஜினியர், ஊரில் ஆறு வருடம் பாலம் கட்டியவர். கணவரைக் கேளுங்கள், "வீட்லதான் இருக்காங்க" என்பார்.